டெலிகாம் கருவிக்கு எந்தச் சட்டகம்: ஏடிசிஏ, மைக்ரோடிசிஏ, ஓசிபி, வைட் பாக்ஸ்

தொலைத்தொடர்புக் கருவி ஒன்றை உருவாக்கக் கிளம்பும் குழு, மென்பொருளில் விட்ட பிழையை அடுத்த வெளியீட்டில் திருத்திக்கொள்ளலாம். சேசிஸ் (போர்டுகளைச் செருகும் இரும்புப் பெட்டி), பேக்பிளேன் (அந்தப் போர்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பின்பலகை), மின்சாரம் நுழையும் வழி, சூடான காற்று வெளியேறும் வழி ஆகியவற்றில் அந்தச் சலுகை கிடையாது. ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் பத்துப் பதினைந்து வருடம் அதோடுதான் குடித்தனம். எல்லாவற்றையும் தானே வடிவமைப்பது பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகாமல் போய் வெகுகாலம் ஆகிறது. அதனால்தான் யாரும் பின்பற்றக்கூடிய, பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றக்கூடிய வன்பொருள் தரங்கள் வந்தன. இன்று அவற்றுக்குப் பஞ்சம் இல்லை. அரை டஜன் தரங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைத் திறந்த தரம் என்றே சொல்லிக்கொள்கிறது.

அம்சங்களை அட்டவணை போட்டுப் பார்த்தால் விடை கிடைக்காது. அட்டவணையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. நள்ளிரவில் ஒரு போர்டு செத்துப்போனால், நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளைக் காப்பாற்றுவது யார் பொறுப்பு? சேசிஸா, மென்பொருளா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதித் தரங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். பெட்டி எங்கே நிற்கப்போகிறது, அதே போர்டை வேறு யாரெல்லாம் வாங்குகிறார்கள் என்ற இரண்டும் மீதியைத் தீர்த்துவைக்கும்.

ஏடிசிஏ: பொறுப்பெல்லாம் சேசிஸுக்கு

பிஐசிஎம்ஜி என்ற தொழில் கூட்டமைப்பு 1994இல் தொடங்கியது. அதன் முதல் பெரிய வெற்றி காம்பேக்ட்பிசிஐ. மேசைக் கணினியின் பிசிஐ பஸ்ஸை, அதாவது உள்பகுதிகள் தரவைப் பரிமாறும் பொதுப் பாதையை, எடுத்து, ரேக்கில் செருகும் உறுதியான போர்டாக்கினார்கள். அதன் ஆதாரப் பலவீனம், எல்லாப் போர்டுகளும் ஒரே பஸ்ஸைப் பங்குபோட்டதுதான். ஒரு போர்டு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு உறைந்தால் பக்கத்திலிருப்பவையும் உறையும். 2001இல் பேக்பிளேனுக்குள் ஈதர்நெட்டை ஓடவிட்டு இதைச் சமாளித்தார்கள். இன்று புதிய டெலிகாம் வடிவமைப்புக்கு காம்பேக்ட்பிசிஐயைப் பரிசீலிக்கத் தேவையில்லை. பழையதைப் பராமரிப்பவர்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

2002 டிசம்பர் இறுதியில் ஏற்கப்பட்ட பிஐசிஎம்ஜி 3.0, அதாவது அட்வான்ஸ்டு டிசிஏ (சுருக்கமாக ஏடிசிஏ), வேறு இனம். மேசைக் கணினியிலிருந்து கடன் வாங்காமல், தொலைபேசி இணைப்பகத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. போர்டின் உயரம் 8யு (யு என்பது ரேக்கின் உயர அலகு), ஆழம் 280 மிமீ, ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 30.48 மிமீ. 19 அங்குல ரேக்கில் 14 ஸ்லாட்டுகள், ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சியின் 600 மிமீ அகல கேபினட்டில் 16. ஒவ்வொரு போர்டுக்கும் இரண்டு தனித்தனி −48 வோல்ட் இணைப்புகள் வருகின்றன. ஒன்று போனாலும் போர்டுக்குத் தெரியாது. ஒரு ஸ்லாட்டுக்கு 200 வாட் என்பது தொடக்கக் கணக்கு. பின்னாளில் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள்.

இந்தத் தரத்தின் உண்மையான உழைப்பு மேலாண்மைப் பகுதியில் இருக்கிறது. ஒவ்வொரு போர்டிலும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. அது ஐ2சி என்ற எளிய இணைப்பின் இரட்டைக் கம்பிகள் வழியாக, முழுச் சேசிஸையும் (ஷெல்ஃப்) மேற்பார்க்கும் ஷெல்ஃப் மேனேஜரோடு பேசுகிறது. போர்டைச் செருகியவுடன் முழு மின்சாரம் கிடைத்துவிடாது. நான் இன்னார், எனக்கு இத்தனை வாட் வேண்டும், இந்த இணைப்புகளில் இந்த நெறிமுறையைப் பேசுவேன் என்று அது முதலில் அறிவிக்க வேண்டும். ஷெல்ஃப் மேனேஜர் கணக்குப் பார்த்து, மறுமுனையில் இருப்பதும் அதே மொழியைப் பேசுகிறதா என்று சரிபார்த்த பிறகே இணைப்பைத் திறக்கும். கழற்றும்போதும் ஒழுங்கு உண்டு. கைப்பிடியை லேசாகத் திறந்தால் நீல விளக்கு சிமிட்டத் தொடங்கும். விளக்கு நிலையாக எரிந்தால் உருவலாம். படிக்கும்போது இது அலங்காரமாகத் தோன்றும். ஆயிரக்கணக்கானவர்களின் அழைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்ஃப் முன்னால் நிற்கும் பராமரிப்பு ஊழியருக்கு அந்த நீல விளக்கைவிட முக்கியமான ஆவணம் எதுவும் இல்லை.

கடிகாரத்தையும் மறக்கவில்லை. பேக்பிளேனில் மூன்று ஜோடி ஒத்திசைவுக் கடிகாரக் கம்பிகள் ஓடுகின்றன. ஒன்று 8 கிலோஹெர்ட்ஸ், ஒன்று 19.44 மெகாஹெர்ட்ஸ், மூன்றாவது வடிவமைப்பாளரின் விருப்பம். 19.44ஐ எட்டால் பெருக்கினால் 155.52, அதாவது எஸ்டிஹெச் என்ற ஒளியிழைத் தொலைபேசி வலையமைப்பின் அடிப்படை வேகம் (மெகாபிட்டில்). எந்த உலகத்துக்காக இந்தத் தரம் பிறந்தது என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

வருடத்துக்கு ஐந்தேகால் நிமிடத்துக்கு மேல் சேவை நிற்கக்கூடாது என்பதுதான் 99.999 சதவீத இலக்கின் பொருள். மின்சாரம், விசிறி, ஸ்விட்ச், மேலாண்மை எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, அந்த இலக்கை இரும்பிலேயே எழுதிவைத்தது ஏடிசிஏ. மென்பொருள் எழுதுபவர் இதையெல்லாம் கவலைப்படாமல் மேலே கட்டலாம்.

குறைகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. எல்லாப் போர்டுகளும் இரண்டு ஸ்விட்ச்சோடு இணையும் இரட்டை நட்சத்திர அமைப்பில் 14 ஸ்லாட்டில் இரண்டை ஸ்விட்ச் போர்டுகள் எடுத்துக்கொள்ளும். மூன்று போர்டு மட்டுமே தேவைப்படும் சிறிய கருவிக்கும் ஷெல்ஃப் மேனேஜர், ஸ்விட்ச், விசிறித் தட்டு என முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். அடுத்தது, ஒத்திசைவு. தரப்படி செய்த எந்தப் போர்டும் எந்தச் சேசிஸிலும் பொருந்தும் என்பது உண்மை. பொருந்தியதெல்லாம் சேர்ந்து வேலை செய்யும் என்பது வேறு கதை. பேக்பிளேனில் ஈதர்நெட், இன்ஃபினிபேண்ட், பிசிஐ எக்ஸ்பிரஸ், ரேபிட்ஐஓ என எதை வேண்டுமானாலும் ஓட்டத் தரம் அனுமதி தந்தது. பின்பக்கத்தின் மூன்றாம் மண்டலத்தை, அதாவது பின்புற இணைப்புப் போர்டு சேரும் இடத்தை, உற்பத்தியாளர் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அதனால் ஒருவருடைய முன்போர்டுக்கு இன்னொருவருடைய பின்போர்டு சேராது. இந்தத் தேர்வுகளைக் குறைத்து ஒழுங்குபடுத்தத்தான் அல்கடெல், எரிக்சன், மோட்டோரோலா, என்இசி, நோக்கியா, சீமென்ஸ் ஆகியவை 2006இல் ஸ்கோப் கூட்டணியை அமைத்தன. வாங்குபவர்கள் கூடி, தரத்துக்குள் இன்னொரு தரம் எழுத வேண்டியிருந்தது. அளவுக்கு மீறிய தேர்வுச் சுதந்திரம் தரத்தையே நீர்த்துப்போகச் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெரிய அடி 2012இல் விழுந்தது. ஏடி அண்ட் டி, டாய்ச் டெலிகாம், டெலிஃபோனிகா உள்ளிட்ட 13 ஆபரேட்டர்கள் சேர்ந்து என்எஃப்வி வெள்ளை அறிக்கையை வெளியிட்டார்கள். தனிவகைக் கருவிகளை விட்டுவிட்டு, சந்தையில் லட்சக்கணக்கில் விற்கும் சாதாரண சர்வரிலும் ஸ்விட்சிலும் வலையமைப்பு வேலைகளை மென்பொருளாக ஓட்டுவோம் என்பது அதன் சாரம். ஒரு சர்வர் செத்தால் சாகட்டும், மென்பொருள் வேறிடத்தில் எழுந்துகொள்ளும். ஏடிசிஏ விற்றுக்கொண்டிருந்த பாதுகாப்பையே வாங்குபவர்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். ஸ்கோப் கூட்டணியும் அதே வருடத்தோடு முடிவுக்கு வந்தது.

இதோடு வேகப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. பேக்பிளேன் என்பது செம்புத் தடங்கள் பதித்த பலகை. தொடக்கத்தில் ஒரு சேனலுக்கு 10 கிகாபிட் போதுமென்று செய்த பலகை 40க்குத் தாங்காது. 2012இல் 40 கிகாபிட்டுக்கான திருத்தம் வந்தது. புதிய போர்டைப் பழைய சேசிஸில் செருகலாம். ஓடுவது பழைய வேகத்தில்தான். போர்டை மாற்றலாம், சேசிஸ் நிலைத்து நிற்கும் என்ற வாக்குறுதி அங்கே முறிந்தது.

மைக்ரோடிசிஏ: நல்ல அறிவு, தவறிய சந்தை

ஏடிசிஏ போர்டின் மேல் செருகும் சிறு தொகுதியாக 2005இல் அட்வான்ஸ்டுஎம்சி வந்தது. அதுவரை துணைப் போர்டு ஒன்றை மாற்ற வேண்டுமானால் தாய்ப் போர்டையே வெளியே எடுக்க வேண்டும். இதை முன்பக்கமாகவே, ஓட்டத்தை நிறுத்தாமல் மாற்றலாம். அடுத்த வருடம் யாரோ நியாயமான கேள்வி கேட்டார்கள்: தாய்ப் போர்டு எதற்கு, இந்தச் சிறு தொகுதிகளை நேரே பேக்பிளேனில் செருகினால் என்ன? அப்படிப் பிறந்தது மைக்ரோடிசிஏ. 12 தொகுதிகள் வரை, நடுவில் மேலாண்மை, ஸ்விட்ச், கடிகாரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் எம்சிஹெச் என்ற தொகுதி. பேஸ் ஸ்டேஷன், சிறிய இணைப்பகம் ஆகியவற்றுக்கென்று நினைத்துச் செய்தது.

அளவில் சிறியது, ஏடிசிஏயின் ஒழுக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் பேஸ் ஸ்டேஷன் சந்தை அதைத் தழுவவில்லை. அங்கே எண்ணிக்கை அதிகம். ஒவ்வொரு காசும் கணக்கு. எம்சிஹெச்சும் மின்தொகுதியும் சேர்த்த விலைக்கு, தனக்கென்றே ஒற்றைப் பலகையாகச் செய்துகொள்வது உற்பத்தியாளருக்கு லாபமாக இருந்தது. மேலும், தொகுதிகளின் 4 முதல் 7 வரையான போர்ட்டுகளில் ஒருவர் பிசிஐ எக்ஸ்பிரஸ் வைப்பார், இன்னொருவர் ரேபிட்ஐஓ வைப்பார். இரண்டும் தரப்படிச் சரி, ஒன்றோடொன்று பேசாது.

தத்தெடுத்தது இயற்பியல். துகள் முடுக்கிகளுக்கு நுண்ணிய கடிகாரமும், வேகமான தரவுச் சேகரிப்பும், தூரத்திலிருந்தே கண்காணிக்கும் வசதியும் வேண்டும். டெலிகாம்காரர்கள் எழுதிவைத்த மூன்றும் அவர்களுக்கு அப்படியே பொருந்தின. பின்புற இணைப்பைச் சேர்த்து 2011இல் எம்டிசிஏ.4 என்ற கிளை வந்தது. ஹாம்பர்க்கின் டெஸி ஆய்வகம் அதை முன்னெடுத்தது. 2017இல் இயங்கத் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசர் அதன் பெரிய பயனர். செர்ன் ஆய்வகத்தின் சோதனைகளும் தங்கள் அடுத்த கட்ட மேம்பாட்டுக்கு ஏடிசிஏ பக்கம் வந்திருக்கின்றன. டெலிகாமுக்குப் பிறந்த பிள்ளை, இயற்பியல் வீட்டில் வளர்கிறது.

இது வேடிக்கைச் செய்தி மட்டுமல்ல, தேர்வுக்கும் உதவும். சேசிஸ், மின்தொகுதி, எம்சிஹெச் போன்றவை இன்னும் உற்பத்தியில் இருப்பதற்கு ஆய்வகங்களும் ஒரு காரணம். அவர்களுக்குத் தேவையான போர்டு உங்களுக்கும் தேவையென்றால் நல்லது. எஃப்பிஜிஏ (உள்சுற்றைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லு), வேகமான அனலாக் மாற்றி என்றால் கிடைக்கும். ரேடியோ சமிக்ஞையைக் கையாளும் பேஸ்பேண்ட் சில்லு வைத்த புதிய போர்டு என்றால் நீங்களேதான் செய்தாக வேண்டும். தரம் உயிரோடு இருப்பதும், உங்களுக்கு வேண்டிய போர்டு அந்தத் தரத்தில் கிடைப்பதும் இரண்டு வெவ்வேறு சங்கதிகள்.

ஓபன்விபிஎக்ஸ் என்ற இன்னொரு போர்டுத் தரம் பற்றியும் சிலர் கேட்பார்கள். ராணுவ வாகனம், விமானம் போன்றவற்றின் அதிர்ச்சிக்கும் வெப்பத்துக்கும் தாங்கும்படி செய்தது. அந்த உறுதிக்கு உண்டான விலையும் உண்டு. டெலிகாம் அறைக்கு அது தேவையில்லை.

ரேக் பக்கம் போனால்: ஓசிபியும் அதன் கிளைகளும்

ஃபேஸ்புக் 2011இல் தன் தரவு மைய வடிவமைப்புகளை வெளியிட்டுத் தொடங்கிய ஓபன் கம்ப்யூட் ப்ராஜெக்ட்டில் (ஓசிபி), திறந்திருப்பது வேறொன்று. பிஐசிஎம்ஜி தரத்தில் ஸ்லாட்டின் வாய் பொதுவானது. போர்டுக்குள் இருப்பது செய்தவரின் ரகசியம். தர ஆவணத்தையே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஓசிபியில் விவரக்குறிப்பு இலவசம், பல சமயம் வடிவமைப்புக் கோப்புகளும் கிடைக்கும். பல சமயம் என்பதைக் கவனிக்கவும். ஓசிபி அக்செப்டட் முத்திரை பெற்றவற்றுக்குத்தான் கோப்புகள் பொதுவில் இருக்கும். ஓசிபி இன்ஸ்பயர்ட் என்றால் குறிப்பின்படி செய்யப்பட்டது என்று மட்டுமே அர்த்தம். விற்பனையாளர் காட்டும் சின்னத்தில் இரண்டில் எது இருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது.

ஓசிபியின் ரேக் தரமான ஓபன் ரேக் 21 அங்குல அகலம், ஓர் அலகின் உயரம் 48 மிமீ. மின்தொகுதிகளை ஒவ்வொரு சர்வரிலும் வைக்காமல் ரேக்குக்குப் பொதுவாக வைத்து, பின்னால் பஸ்பார் என்ற உலோகப் பட்டை வழியாகப் பகிர்கிறார்கள். முதலில் 12 வோல்ட். 12 கிலோவாட் ரேக்குக்கு அது 1,000 ஆம்பியர். 48 வோல்ட்டில் 250 ஆம்பியர்தான். வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. மூன்றாம் பதிப்பு 48க்கு மாறியதன் காரணம் இந்தக் கணக்குதான்.

டெலிகாம்காரர்கள் பலர் இங்கே சறுக்குகிறார்கள். நம் இணைப்பகத்திலும் 48 வோல்ட், ஓபன் ரேக்கிலும் 48 வோல்ட், நேரே இணைத்துவிடலாம் என்று நினைப்பது. இணைப்பகத்தில் இருப்பது நேர்முனை தரையிறக்கிய −48. பேட்டரி ஏறி இறங்குவதற்கேற்ப −40.5 முதல் −57 வோல்ட் வரை போய்வரும் என்று எட்சி தரம் சொல்கிறது. நடுவில் மாற்றி வைக்காமல் இரண்டும் சேராது. அந்த மாற்றியின் விலையும் இடமும் வெப்பமும் உங்கள் ஒப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும்.

கட்டடமும் ஒத்துழைக்காது. தரவு மைய சர்வரின் ஆழம் சாதாரணமாக 700 மிமீக்கு மேல் போகும். பழைய இணைப்பகங்களில் கேபினட் ஆழம் 600, சில இடங்களில் 300 மிமீதான். பின்பக்கம் சுவர், பராமரிப்பெல்லாம் முன்பக்கமிருந்துதான். நிலநடுக்கம், தீ, மின்காந்தக் குறுக்கீடு ஆகியவற்றுக்கு வட அமெரிக்காவில் நெப்ஸ் தேர்வுகள், ஐரோப்பாவில் எட்சி விதிகள். தரவு மையத்துக்குச் செய்த பெட்டியில் இவை பெரும்பாலும் நினைவில்கூட இருந்திருக்காது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2016இல் ஓசிபிக்குள் டெலிகாம் குழு தொடங்கியது. ரேடிசிஸ் கொடுத்த சிஜி-ஓபன்ரேக்-19 எனக்குப் பிடித்தமான வடிவமைப்பு. வழக்கமான 19 அங்குல ரேக்கிலேயே பாதி அகல, முழு அகலத் தட்டுகள். உள்ளே தள்ளினால் பின்னால் பஸ்பாரும் ஃபைபரும் தாமாகவே பொருந்தும். ஏடிசிஏ கற்ற பாடம் அந்த ஃபைபரில் தெரிகிறது. செம்புப் பேக்பிளேனே கிடையாது. தரவு ஒளியில் போவதால், அடுத்த தலைமுறை வேகத்துக்கு ஸ்விட்சையும் தட்டையும் மாற்றினால் போதும், ரேக்கைத் தொட வேண்டாம். நோக்கியா கொடுத்த ஓபன்எட்ஜ் சேசிஸ் இன்னொரு பக்கத்தைச் சரிசெய்தது: ஏறக்குறைய 430 மிமீ ஆழம், முன்பக்கமிருந்தே எல்லாப் பராமரிப்பும், பாதி அகல சர்வர் தட்டுகள். 600 மிமீ கேபினட்டில் கதவு சாத்தும்.

வடிவமைப்பு நன்றாக இருந்தால் போதுமா என்பதுதான் என் தயக்கம். இந்த இரண்டுக்கும் பொருந்தும் தட்டுகளைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவரே செய்து ஒருவரே விற்கும் திறந்த தரம், வாங்குபவருக்கு மூடிய தரத்தைவிடப் பெரிதாக எதுவும் தருவதில்லை. ஓபன் ரேக்கோ மாபெரும் தரவு மையங்கள் வாங்குவதால் ஓடுகிறது. நூற்றுக்கணக்கில் ரேக் நிரப்பும் ஆபரேட்டருக்கு அது பொருந்தும், நான்கு ரேக் வாங்குபவருக்கு அதன் பொருளாதாரம் எடுபடாது.

ஓசிபியின் நிஜமான வெற்றி, ரேக்கை விட்டுச் சர்வருக்குள் புகுந்ததில் இருக்கிறது. மூடியைத் திறக்காமல் மாற்றக்கூடிய ஓசிபி என்ஐசி 3.0 நெட்வொர்க் கார்டு, ஓசிபி என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் வாங்கும் சர்வர்களிலும் இருக்கிறது. தாய்ப்பலகை, மேலாண்மைக் கட்டுப்பாட்டுச் சில்லு ஆகியவற்றைத் தனித்தனித் தொகுதியாகப் பிரிக்கும் டிசி-எம்ஹெச்எஸ் முயற்சியில் டெல், எச்பிஇ போன்ற பெரிய சர்வர் நிறுவனங்களே இருக்கின்றன. தொகுதித் தன்மை ஷெல்ஃபிலிருந்து நகர்ந்து பெட்டிக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இந்த இடத்தில், பெயரில்லாத போட்டியாளர் ஒருவரையும் வரிசையில் நிறுத்த வேண்டும். −48 வோல்ட் மின்பகுதியோடு, நெப்ஸ் சான்றோடு, ஆழம் குறைவாக வரும் சாதாரண 19 அங்குல சர்வர். எந்தக் கூட்டமைப்பின் கொடியும் இல்லை. மூன்று நான்கு நிறுவனங்கள் செய்கின்றன, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை அதே ரேக்கில் திருகலாம். நடைமுறையில் ஏடிசிஏயை வீழ்த்தியது ஓசிபி அல்ல, இதுதான்.

வைட் பாக்ஸ்: திறந்தது மென்பொருளுக்கும் இரும்புக்கும் இடையே

ரவுட்டர், ஸ்விட்ச் பக்கம் கதை வேறு. இங்கே ஸ்லாட்டும் பேக்பிளேனும் பேச்சிலேயே இல்லை. விசிறி, மின்சாரம், ஸ்விட்ச் சில்லு, சிறு செயலி எல்லாம் ஒரே 1யு, 2யு பெட்டியில். ஓனீ என்ற தொடக்க மென்பொருள் மட்டும் உள்ளே இருக்கும். எந்த இயங்குதளத்தை ஏற்ற வேண்டும் என்பதை வாங்குபவர் முடிவுசெய்கிறார். இதுதான் வைட் பாக்ஸ்.

டவரின் அடியில் நிற்கும் ரவுட்டருக்கு இது அழகாகப் பொருந்தியது. ஏடி அண்ட் டி 2018இல் 60,000 வரை வைட் பாக்ஸ் ரவுட்டர்களைத் தன் செல் தளங்களில் வைக்கப்போவதாக அறிவித்து, விவரக்குறிப்பை ஓசிபிக்கும் கொடுத்தது. டெலிகாம் இன்ஃப்ரா ப்ராஜெக்ட்டும் ஆபரேட்டர்களின் தேவைகளைத் திரட்டி அதே வகைப் பெட்டிக்கு ஒரு குறிப்பு எழுதியது. குளிரூட்டல் இல்லாத அலமாரி என்பதால் −40 முதல் 65 டிகிரி வரை தாங்க வேண்டும். 1588 நேர நெறிமுறையும் ஒத்திசைவு ஈதர்நெட்டும் வன்பொருளிலேயே இருக்க வேண்டும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் டிடிடி முறையில் ஓடும் 5ஜி தளங்களுக்குக் கட்ட ஒத்திசைவு ±1.5 மைக்ரோ நொடிக்குள் நிற்க வேண்டும். சாதாரண தரவு மைய ஸ்விட்சை எடுத்துப்போய் அங்கே வைத்தால் நேரமும் தப்பும், பெட்டியும் வெந்துபோகும்.

பெரிய கோர் ரவுட்டருக்கும் இதையே நீட்டினார்கள். 2019இல் ஏடி அண்ட் டி ஓசிபிக்குக் கொடுத்த பிரித்த சேசிஸ் வடிவமைப்பில், லைன் கார்டும் (வெளி இணைப்புகள் சேரும் போர்டு) ஃபேப்ரிக் கார்டும் (லைன் கார்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் போர்டு) ஒவ்வொன்றும் தனி விசிறி, தனி மின்சாரம் கொண்ட தனிப் பெட்டி. பேக்பிளேன் இருக்க வேண்டிய இடத்தில் கேபிள்கள். ஒரே பெட்டியாக 4 டெராபிட்டில் தொடங்கி, 48 லைன் பெட்டிகளும் 13 ஃபேப்ரிக் பெட்டிகளுமாக 192 டெராபிட் வரை வளரலாம். சேசிஸை முதல்நாளே பெரிதாக வாங்கிவிட்டுப் பாதியைக் காலியாக வைத்திருக்கும் செலவு மிச்சம். அதற்கு விலை, கேபிள் காடு. நூற்றுக்கணக்கான இணைப்புகளில் எது எங்கே என்று பிழையில்லாமல் பொருத்துவதும், ஒன்று பழுதானால் கண்டுபிடிப்பதும் எளிய வேலை இல்லை. பேக்பிளேனில் தவறான ஸ்லாட்டில் கம்பி செருகவே முடியாது என்பது சின்ன விஷயமாக முன்பு தெரிந்தது.

வைட் பாக்ஸ் பேச்சில் அதிகம் அமுக்கப்படும் உண்மை சில்லு பற்றியது. பெட்டி பலரிடம் கிடைக்கும், இயங்குதளமும் பலரிடம் கிடைக்கும். ஆனால் மேற்சொன்ன செல் தள ரவுட்டர்களும் பிரித்த சேசிஸும் பிராட்காமின் சில்லுக் குடும்பங்களைச் சுற்றியே எழுதப்பட்டவை. உற்பத்தியாளரிடம் இருந்த பூட்டு, சில்லுக்காரரிடம் இடம் மாறியிருக்கிறது. இன்னொன்று, இரும்பு ஒருவருடையது, இயங்குதளம் இன்னொருவருடையது, ஒளியிழை மாட்யூல் மூன்றாமவருடையது என்றால், பாக்கெட் காணாமல் போகும் இரவில் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். அந்த இரவை யார் கையாள்வது என்பதை, ஒருங்கிணைப்பாளரின் பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதாதவர்கள் வைட் பாக்ஸ் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

சிறிய கருவி செய்பவருக்கு

வருடத்துக்குச் சில நூறு, சில ஆயிரம் எண்ணிக்கையில் சொந்தக் கருவி விற்கும் நிறுவனங்களை மேலே சொன்ன விவாதங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது காம் எக்ஸ்பிரஸ் அல்லது அதன் அடுத்த தலைமுறையான காம்-எச்பிசி. இரண்டும் பிஐசிஎம்ஜி தரங்கள்தான். முந்தையது 2005, பிந்தையது 2021. செயலி, நினைவகம், அவற்றின் கடினமான மின்சுற்று எல்லாம் கடையில் வாங்கும் ஒரு தொகுதியில் வந்துவிடும். உங்கள் ரேடியோ, உங்கள் இணைப்புகள், உங்கள் கடிகாரம் இருக்கும் கேரியர் போர்டை மட்டும் நீங்கள் செய்கிறீர்கள். காம் எக்ஸ்பிரஸில் 440 பின்கள், காம்-எச்பிசியில் 800. சர்வர் வகைத் தொகுதிகள் பல ஈதர்நெட் வழிகளையும் பிசிஐ எக்ஸ்பிரஸையும் தாராளமாகத் தருகின்றன. செயலி பழையதானால் தொகுதியை மட்டும் மாற்றலாம். பயாஸ், வெப்பத் தகடு இரண்டிலும் ஒவ்வொரு தொகுதிக்காரருக்கும் வேறுபாடு உண்டு. ஆகவே முதல் நாளிலிருந்தே இரண்டு நிறுவனத் தொகுதிகளை வைத்துச் சோதித்துவிடுங்கள். தொகுதித் தன்மையும் பிழைத்திருக்கிறது, உற்பத்திச் செலவும் கையை மீறவில்லை. பின்னால் இருக்கும் வாங்குபவர் கூட்டம் மருத்துவக் கருவி முதல் தொழிற்சாலை இயந்திரம் வரை பரந்தது. டெலிகாம் சந்தை தும்மினால் இந்தத் தரத்துக்குச் சளி பிடிக்காது.

என் தேர்வு

மொபைல் கோர், சந்தாதாரர் தரவுத்தளம், குரல் சேவை போன்ற, முழுக்க மென்பொருளான வேலைகளுக்கு சாதாரண சர்வர். நூற்றுக்கணக்கில் ரேக் இருந்தால் ஓபன் ரேக்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மென்பொருள் தன் நிலையைத் தானே பாதுகாத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பது மட்டும் இங்கே கறாராகச் சோதிக்க வேண்டியது. பழைய மென்பொருளை அப்படியே மெய்நிகர் இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, கீழே ஏடிசிஏயும் இல்லாமல் ஓட்டினால் இரண்டு உலகத்தின் கேடும் சேர்ந்து வரும்.

ஓப்பன் ரானில், அதாவது பல நிறுவனங்களின் பகுதிகளைச் சேர்த்துக் கட்டும் மொபைல் ரேடியோ வலையமைப்பில், பேஸ்பேண்ட் வேலை செய்யும் டியு பகுதிக்கு, ஆழம் குறைந்த சர்வரும் கணக்கீட்டை வேகப்படுத்தும் முடுக்கிக் கார்டும். ஓ-ரான் கூட்டணியின் ஏழாவது பணிக்குழு இதற்கான வைட் பாக்ஸ் குறிப்புகளை வெளியிடுகிறது. செயலி வேகத்தைவிட நேர ஒத்திசைவை முதலில் பாருங்கள். ஏடிசிஏயில் பேக்பிளேன் சும்மா கொடுத்த கடிகாரத்தை இங்கே நெட்வொர்க் கார்டில் தேடி வாங்க வேண்டும். வெப்பத்தை இரண்டாவதாகப் பாருங்கள்.

செல் தள ரவுட்டருக்கு வைட் பாக்ஸ், தயக்கமின்றி. கோர் ரவுட்டருக்கு, உள்ளேயே ஒருங்கிணைப்புக் குழு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

ஏடிசிஏயைப் புதிதாகத் தேர்வது எப்போது நியாயம்? எஃப்பிஜிஏ அல்லது சமிக்ஞைச் செயலி நிறைந்த, போர்டுக்குப் போர்டு கனமான தரவு ஓடும், மென்பொருளால் தோல்வியைச் சமாளிக்க முடியாத கருவிக்கு. அப்படிப்பட்டவை மிகச் சில. அந்தச் சிலருக்கு இதற்கு மாற்று இன்றும் இல்லை.

ஏற்கெனவே களத்தில் ஏடிசிஏ வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். செயலி பிளேடுகளில், அதாவது செயலிப் போர்டுகளில், ஓடும் கட்டுப்பாட்டு வேலைகளை முதலில் சர்வருக்கு நகர்த்துங்கள். லைன் இணைப்புப் போர்டுகள் அங்கேயே இருக்கட்டும். நகர்த்தியதால் காலியாகும் பிளேடுகள் உதிரியாகக் கையிருப்பில் சேரும். ஷெல்ஃப் மேனேஜர், விசிறித் தட்டு, ஸ்விட்ச் போர்டு இந்த மூன்றுக்கும் உற்பத்தியாளரிடம் கடைசி ஆர்டர் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளேடு ஒன்று போனால் பக்கத்து பிளேடு தாங்கும். இந்த மூன்றில் உதிரி தீர்ந்துவிட்டால் மொத்த ஷெல்ஃபும் நிற்கும்.